விட்டாரா, கேட்டாரா, எடுத்தாரா? ஏலச் சொற்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏல அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு திணறுகிறவர்கள் கடினமான சொற்களால் ஏமாறுவது குறைவு. 'சுவாதீனம்', 'டேவணி' என்று புரியாத சொல் வந்தால் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். சறுக்குவது எளிய சொற்களில்தான்: விட்டார், கேட்டார், எடுத்தார், போனது. இவை எல்லாருக்கும் தெரிந்த சொற்கள் என்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை. பணம் கைமாறும் இடத்தில் இந்த நான்கும் நான்கு வேறு நிலைகள். தமிழ்நாட்டில் வழங்கும் ஏல, விற்பனைச் சொற்களை, ஓர் ஏலம் நடக்கும் வரிசையிலேயே பார்ப்போம்.

முதல் படி: வினைச்சொல்லைப் பிடியுங்கள்

'ஏலம் விடுதல்' விற்கிறவரின் வேலை. உரிமையாளரோ, வங்கியோ, ஊராட்சியோ, அவர்கள் சார்பில் நடத்துகிறவரோ விடுவார்கள். 'ஏலம் கேட்டல்' என்றால் விலை சொல்வது, அவ்வளவுதான். கேட்டவருக்குப் பொருள் கிடைத்ததா என்பது அந்தச் சொல்லில் இல்லை. கிடைத்தவர் 'ஏலம் எடுத்தார்'. பொருளின் பக்கம் நின்று சொன்னால் அது 'ஏலம் போனது'. 'ஏலத்துக்கு வந்தது' என்பது அதற்கு முந்தைய நிலை. விற்பனை இன்னும் நடக்கவில்லை. வீடு ஏலத்துக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டவுடன் வீடு போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

விலையோடு சேர்த்துப் பேசும்போது ஓர் உருபு பார்க்க வேண்டும். "3 லட்சத்துக்கு எடுத்தார்" என்றால் முடிந்த விலை. "3 லட்சம் வரைக்கும் கேட்டார்" என்றால் அதற்கு மேல் போக முடியாமல் நிறுத்திக்கொண்டார். 'வரைக்கும்' வந்தாலே பொருள் வேறொருவர் கையில் என்று வைத்துக்கொள்ளலாம். "3 லட்சத்துக்குக் கேட்டாங்க, கொடுக்கல" என்று விற்கிறவர் சொன்னால் அது ஏலமே அல்ல, தனிப்பேச்சு.

ஆட்களின் பெயர்கள் கொஞ்சம் வழுக்கும். 'ஏலதாரர்' என்பது சில அறிவிப்புகளில் கேட்க வருகிற எல்லாரையும் குறிக்கும், சிலவற்றில் எடுத்து முடித்தவரை மட்டும் குறிக்கும். "ஏலதாரர் 25 விழுக்காடு செலுத்த வேண்டும்" என்ற வரியைப் படித்துவிட்டு, கலந்துகொள்வதற்கே அவ்வளவு கட்ட வேண்டுமோ என்று பயப்படத் தேவையில்லை. முன்னும் பின்னும் படித்தால் எவர் என்பது தெரியும். பழைய பாணி அறிவிப்புகளில் கேட்ட தொகையைக் 'கேள்வி' என்பார்கள். 'உயர்ந்த கேள்வி' என்றால் மிக அதிகமாகச் சொல்லப்பட்ட விலை, வினா அல்ல. இலங்கைத் தமிழில் 'ஏலம் கூறுதல்', 'ஏலவிற்பனை' என்ற வழக்குகள் உண்டு. அங்கே 'உறுதி' என்றால் காணிப் பத்திரம். இங்கே அறிவிப்பில் வரும் 'ஏலம் உறுதி செய்தல்' என்பதோ ஏலத்தை ஏற்று முடிவாக்குவது. இரு பக்கமும் சொத்து உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஏலம் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அவர்கள் மொழியில் 'லெயிலாவ்'. மலையாளத்தில் லேலம், தெலுங்கில் வேலம், இந்தியில் நீலாம். தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் தலையெழுத்து உதிர்ந்து 'ஏலம்' ஆயிற்று. அப்படி ஆனதும், முன்பே இங்கிருந்த ஏலத்தோடு, அதாவது ஏலக்காயோடு, போய் முட்டிக்கொண்டது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் போடிநாயக்கனூரில் 'ஏலக்காய் ஏலம்' என்று முழுதாகச் சொன்னால்தான் பிழைக்க முடியும்.

இரண்டாம் படி: விற்பது பொருளையா, உரிமையையா?

"புளியமரம் ஏலம்" என்ற தலைப்பைப் பார்த்து, மரத்தை வெட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அங்கே ஏலம் போவது ஓர் ஆண்டின் மகசூல்; காயை உலுக்கி எடுத்துக்கொள்ளும் உரிமை. மரம் மரமாக அங்கேயே நிற்கும். சீமைக்கருவேல மரம் ஏலம் என்றால் நேர்மாறு, வெட்டி அகற்றுவதுதான் வேலையே. அதில் வேரோடு எடுப்பதா, தரைமட்டமாக வெட்டுவதா, எத்தனை நாளுக்குள் இடத்தைக் காலி செய்வது என்பதெல்லாம் நிபந்தனையில் இருக்கும். கண்மாய் ஏலம் என்றால் மீன் பிடிக்கும் உரிமை. இதற்கு 'மீன்பாசி குத்தகை' என்று பெயர். கோயில் அறிவிப்புகளில் "தலைமுடி சேகரம் செய்துகொள்ளும் உரிமம்", "வாகன நிறுத்தக் கட்டணம் வசூலிக்கும் உரிமம்" என்று வருவதும் இந்த வகைதான். ஆகவே அறிவிப்பில் உரிமம், உரிமை, குத்தகை, மகசூல், அனுபவம் (பலனை அனுபவித்துக்கொள்வது) ஆகியவற்றில் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பொருள் உங்களுடையது ஆகாது, காலம் முடிந்ததும் திரும்பிப் போகும்.

காலத்தை எழுதும் விதத்திலும் ஒரு பொறி உண்டு. நீர்நிலை, மரம் சார்ந்த ஏலங்களில் 'பசலி' என்ற ஆண்டுக்கணக்கு வரும். பசலி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி எண் வரும்: 1435-ஆம் பசலி என்பது 1.7.2025 முதல் 30.6.2026 வரை. ஏலம் செப்டம்பரில் நடந்து, உரிமை 'நடப்புப் பசலி முடிய' என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்பது மாதத்துக்கும் சற்றுக் கூடுதல்தான். பன்னிரண்டு மாதம் என்று கணக்குப் போட்டு விலை கேட்டால் அந்த வித்தியாசம் நேராகக் கைநஷ்டம்.

இன்னொரு சோதனை, அளவு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விலை வழக்கமாகக் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு. சில இடங்களில் கிலோ கணக்கு, சில சந்தைகளில் மூட்டைக் கணக்கு. மூட்டை என்றால் எத்தனை கிலோ, சாக்கின் எடை கழிக்கப்படுமா என்று கேட்காமல் விலை சொல்லாதீர்கள். 'லாட்' அல்லது 'குவியல்' என்றால் அந்தத் தொகுப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரே விலை. 'கூறு' என்பதும் அதுபோலத்தான், பிரித்து வைத்த சிறு குவியல். மீனையும் காயையும் கூறு போட்டு விற்கும்போது எடை பார்ப்பதில்லை.

மூன்றாம் படி: எந்த முறையில் கேட்கிறார்கள்?

எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டுக் கேட்பது 'பொது ஏலம்'. விலையைத் தாளில் எழுதி உறையில் போட்டுக் கொடுப்பது 'ஒப்பந்தப்புள்ளி', பேச்சு வழக்கில் டெண்டர்; இலங்கையில் விலைமனு. 'மூடி முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளி' என்ற தொடர் வந்தால் உறை ஒட்டப்பட்டு, ஒட்டிய இடத்தில் முத்திரையோ கையொப்பமோ இருக்க வேண்டும் என்று பொருள். அது இல்லாமல் உள்ளே எவ்வளவு நல்ல விலை இருந்தாலும் உறை தள்ளுபடி ஆகலாம். இரண்டையும் சேர்த்து நடத்துவதும் உண்டு. முதலில் வாய்மொழி ஏலம் முடியும், பிறகு உறைகளைப் பிரிப்பார்கள், இரண்டில் எது அதிகமோ அது நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் கூடத்தில் கேட்டு முடித்துவிட்டு "எனக்குத்தான்" என்று எழுந்துவிடக் கூடாது.

'மறைமுக ஏலம்' என்பது விளைபொருள் விற்பனையில் வழங்கும் சொல். மறைமுகம் என்றதும் ஏதோ திருட்டுத்தனம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது விவசாயிக்குப் பாதுகாப்பு. குவியலுக்கு எண் கொடுத்து வைத்திருப்பார்கள். வியாபாரிகள் பார்த்துவிட்டு, மற்றவர் என்ன விலை போட்டார் என்று தெரியாமல் தம் விலையைச் சீட்டில் எழுதியோ கணினியில் பதிந்தோ கொடுப்பார்கள். உயர்ந்த விலை அறிவிக்கப்படும். அந்த விலை பிடிக்காவிட்டால் விவசாயி விற்காமல் சரக்கை எடுத்துக்கொண்டு போகலாம். 2016 ஏப்ரல் 14-இல் தொடங்கிய தேசிய வேளாண் சந்தை, எல்லாரும் சொல்லும் 'இ-நாம்', இந்த முறையை இணையத்துக்குக் கொண்டுபோனது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கத் தோன்றும், ஆனால் அது ஏலம் அல்ல. இருவருக்கு நடுவில் நடக்கும் பேரம். சுற்றி நிற்கிறவருக்கு விலை தெரியக் கூடாது என்பதற்குத்தான் அந்தத் துண்டு.

நான்காம் படி: பணச் சொற்களை வரிசைப்படுத்துங்கள்

ஓர் அறிவிப்பில் நாலைந்து தொகைகள் இருக்கும். அவற்றைத் தாளில் தேதியோடு வரிசையாக எழுதிக்கொள்வது நல்லது, ஏனென்றால் அறிவிப்பு அந்த வரிசையில் எழுதப்பட்டிருக்காது.

'குறைந்தபட்ச விலை' அல்லது 'ஒதுக்க விலை' என்பது விற்கிறவர் இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று வைத்த எல்லை. 'தொடக்க விலை', 'ஆரம்பக் கேள்வி' என்பது ஏலம் எங்கே தொடங்குகிறது என்பது. பல நேரம் இரண்டும் ஒன்றாக இருக்கும். எப்போதும் அப்படி என்று எண்ண வேண்டாம்: குறைவாகத் தொடங்கி, எல்லையைத் தொடாவிட்டால் ஏலத்தை நிறுத்திவிடும் வழக்கமும் உண்டு.

'டேவணித் தொகை', 'முன்வைப்புத் தொகை', 'ஏல வைப்புத்தொகை', 'இ.எம்.டி.' நான்கும் ஒன்றுதான்: கேட்க வருகிறவர் விளையாட்டுக்கு வரவில்லை என்பதற்கான பிணை. வங்கி ஏலத்தில் இது பெரும்பாலும் குறைந்தபட்ச விலையில் 10 விழுக்காடு. கிடைக்காதவருக்குத் திரும்பி வரும், கிடைத்தவருக்கு விலையில் கழியும், எடுத்துவிட்டுப் பின்வாங்கியவருக்குப் பறிபோகும். இதை 'அச்சார'த்தோடு குழப்ப வேண்டாம். அச்சாரம் என்பது விலை பேசி முடிந்த பிறகு, பேச்சை உறுதிப்படுத்தக் கொடுப்பது. 'முன்பணம்' இன்னும் பொதுவான சொல். வாடகைக்கும் கூலிக்கும் கூட வரும். கொடுக்கும் பணத்துக்கு ரசீதில் எந்தப் பெயர் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது திரும்புமா திரும்பாதா என்ற வழக்கே நடக்கும்.

'ஏற்றத் தொகை' என்பது ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி. 10,000 ஏற்றம் என்றால் 5,000 கூட்டிக் கேட்பது செல்லாது. இணைய ஏலத்தில் இதை மறந்தால் பெட்டி ஏற்காது, நேரம் ஓடிவிடும். கடைசி சில நிமிடங்களில் யாராவது கேட்டால் முடிவு நேரம் தானாக நீளும் ஏற்பாடு பெரும்பாலான தளங்களில் உண்டு. எத்தனை நிமிடம், எத்தனை முறை என்பதை முதல் நாளே படித்து வைக்க வேண்டும். தட்டும்போது ஒரு பூஜ்யம் கூடிவிட்டால் பொதுவாகத் திரும்பப் பெற வழியில்லை. எண்ணை எழுத்தில் காட்டும் இடம் தளத்தில் இருந்தால் அதைப் படித்த பிறகே அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: சொத்து ஏலம் என்றால் கூடுதலாகச் சில சொற்கள்

ஜப்தி, ஏலம் அல்ல. நீதிமன்ற மொழியில் 'பற்றுகை'. கடனுக்காகச் சொத்தை யாருக்கும் விற்க முடியாதபடி முடக்கி வைப்பது. பணத்தைக் கட்டினால் ஜப்தி நீங்கும். 'பறிமுதல்' என்பது சட்டத்தை மீறியதற்காக அரசு எடுத்துக்கொள்வது. 'கையகப்படுத்துதல்' சாலைக்கும் ரயிலுக்கும் நிலம் எடுப்பதைக் குறிக்கும், வங்கி சொத்தைத் தன் வசம் எடுப்பதையும் குறிக்கும். எதுவென்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வங்கி ஏல அறிவிப்பில் விலையைவிட முக்கியமான சொல் 'சுவாதீனம்'. 'நேரடி சுவாதீனம்' என்றால் சாவி வங்கியிடம் இருக்கிறது. 'அடையாள சுவாதீனம்' அல்லது 'குறியீட்டு சுவாதீனம்' என்றால் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள், உள்ளே ஆள் குடியிருக்கலாம். அந்த ஆளை வெளியேற்றும் பாடு யாருடையது என்பது அறிவிப்பின் நிபந்தனையைப் பொறுத்தது. விலை ஆச்சரியப்படும்படி குறைவாக இருக்கும் வீடுகளில் பாதிக்கதை இந்த ஒரு சொல்லில் இருக்கும்.

அடுத்தது 'உள்ளது உள்ளபடி', 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்று பல வடிவங்களில் வரும் தொடர். வீட்டு வரி பாக்கி, மின்கட்டணம், அளவு குறைவு, பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறு எல்லாம் வாங்குகிறவர் தலையில் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். ஆகவே ஏலத்துக்கு முன்பே வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது, பட்டா யார் பெயரில் என்று பார்ப்பது, இடத்துக்கு நேரில் போய் அளந்து பார்ப்பது மூன்றும் உங்கள் வேலை. வில்லங்கச் சான்று பதிவான விவகாரங்களை மட்டுமே காட்டும். வரி பாக்கி அதில் வராது, உள்ளாட்சி அலுவலகத்தில் தனியே கேட்க வேண்டும்.

காலக்கெடுவில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடன் திரும்பாதபோது அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்வது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். அதன் விதிகளின்படி வங்கி நடத்தும் ஏலத்தில், எடுத்தவர் விலையில் 25 விழுக்காட்டை அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும்; டேவணியும் இந்தக் கணக்கில் அடங்கும். மீதியை விற்பனை உறுதி செய்யப்பட்டதிலிருந்து 15-ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும். எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் நீட்டிக்கலாம், ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. நீதிமன்ற ஏலத்திலும் 25 விழுக்காடு உண்டு, ஆனால் ஏலம் எடுத்தவுடனேயே கட்ட வேண்டும். அங்கும் 15 நாள் உண்டு, ஆனால் எண்ணத் தொடங்குவது ஏலம் நடந்த நாளிலிருந்து. உறுதி செய்த நாளிலிருந்து அல்ல. இரண்டையும் ஒன்று என்று நினைத்து வங்கிக் கடனுக்கு அலைந்துகொண்டிருந்தால் கட்டிய 25 விழுக்காடு போகும். நீதிமன்றம் மறு ஏலம் விட்டு அதில் விலை குறைந்தால், அந்தக் குறைவையும் முதலில் எடுத்தவரிடம் வசூலிக்க இடமுண்டு.

'மறு ஏலம்', 'ஏலம் ஒத்திவைப்பு', 'ஏலம் ரத்து' மூன்றையும் பிரித்து அறியுங்கள். ஒத்திவைத்தால் தேதி மட்டும் மாறும். ரத்தானால் பழைய நடவடிக்கை முடிந்தது, டேவணியைத் திரும்பக் கேட்கலாம். மறு ஏலம் என்றால் புதிதாகத் தொடங்குவது. குறைந்தபட்ச விலை மாறியிருக்கலாம். ஒத்திவைப்பில் உள்ள ஒத்திக்கும், நிலத்தை 'ஒத்திக்கு' விடுவதற்கும் சம்பந்தமில்லை. பின்னது கடனுக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்கக் கொடுப்பது. போக்கியம் என்றும் சொல்வார்கள். கடன் அடைந்ததும் நிலம் திரும்பும்.

ஆறாம் படி: கூடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." இங்கே தரம் என்றால் தடவை, சரக்கின் தரத்தோடு இதற்கு உறவில்லை. மூன்றாம் தரம் சொல்லி முடிக்கும்வரை யாரும் மேலே கேட்கலாம். இது வெறும் சடங்கு என்று எண்ணாதீர்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு, சுத்தியல் தட்டுவதாலோ வழக்கமான வேறு முறையாலோ முடிந்தது என்று அறிவிக்கும்போதுதான் விற்பனை நிறைவடையும் என்கிறது. நம் மூன்று தரம் அந்த 'வழக்கமான வேறு முறை'. அறிவிப்பு வரும்வரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இது அசையும் பொருளுக்கான சட்டம். அதோடு, ஏல நிபந்தனையில் 'கேட்ட தொகையைத் திரும்பப் பெற முடியாது' என்ற வரி இருந்தால் டேவணியைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். சட்டம் என் பக்கம் என்று நம்பிக் கையைத் தூக்காதீர்கள்.

எண்களில்தான் அதிகம் தவறு நேர்கிறது. கூடத்தில் யாரும் 'ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம்' என்று முழுசாகச் சொல்ல மாட்டார்கள். 'ஒன்னேகால்' என்றால் 1,25,000. 'ஒன்னரை' 1,50,000. 'ஒன்னேமுக்கால்' 1,75,000. 'முக்கால்' என்று மட்டும் சொன்னால் 75,000. 'ஒன்னு பத்து' 1,10,000. சிக்கல் 'ஒன்னு அஞ்சு' போன்றவற்றில்: ஒரு லட்சத்து ஐயாயிரம் என்று ஒருவர் நினைக்க, இன்னொருவர் ஒன்றரை என்று எடுத்துக்கொள்வார். சந்தேகம் வந்தால் நடத்துகிறவர் திருப்பிச் சொல்லும்வரை காத்திருங்கள், அவர் சொன்னதுதான் பதிவேட்டில் ஏறும். ஆயிரத்தையும் லட்சத்தையும் விழுங்கிவிட்டு 'இருவது, இருவத்தொண்ணு' என்று ஏறும் இடங்களில், முதல் கேள்வி எந்த அளவில் தொடங்கியது என்று தெரியாமல் நடுவில் நுழையக் கூடாது.

எதிரில் கேட்கிறவர்கள் எல்லாரும் வாங்க வந்தவர்கள் அல்லர். விற்கிறவரே ஆள் வைத்து விலையை 'ஏத்திவிடுவது' உண்டு. முன்கூட்டி அறிவிக்காமல் விற்கிறவர் தன் பொருளுக்குத் தானோ ஆள் வைத்தோ கேட்பதை மேற்சொன்ன 64-ஆம் பிரிவு தடுக்கிறது; பொய்க் கேள்வியால் விலை ஏற்றப்பட்டது என்று நிறுவினால், வாங்கியவர் விற்பனையைத் தள்ளிவிடலாம். எதிர்த்திசையில் நடப்பது 'சிண்டிகேட்': கேட்க வந்தவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு ஒருவரை மட்டும் குறைந்த விலைக்கு எடுக்க விடுவது. மூன்று பேர் ஒரே சுற்றில் ஆளுக்கொரு ஏற்றம் கேட்டுவிட்டுச் சொல்லி வைத்தாற்போல் ஓய்ந்தால், அங்கே அது நடந்துகொண்டிருக்கலாம். 'கேட்க ஆளில்லை' என்ற பேச்சு வழக்கு இப்படிப்பட்ட கூடங்களில் இரண்டு அர்த்தத்திலும் உண்மை.

ஏழாம் படி: எடுத்த பிறகு

'ஏலம் எடுத்தேன்' என்பதும் 'சொத்து எனது' என்பதும் ஒன்றல்ல. நீதிமன்ற ஏலத்தில் கடனாளி, விற்பனை நடந்த 60 நாளுக்குள் கடன் தொகையோடு ஏல விலையின் 5 விழுக்காட்டையும் சேர்த்துக் கட்டி, ஏலத்தை நீக்கக் கேட்கலாம். அந்த 5 விழுக்காடு ஏலம் எடுத்தவருக்குப் போகும். அதெல்லாம் கடந்து ஏலம் உறுதியான பிறகு தருவது 'விற்பனைச் சான்றிதழ்'. இதைக் கிரயப் பத்திரத்தின் இடத்தில் வைத்துப் பத்திரமாகக் காக்க வேண்டும். விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், அசையாச் சொத்து வாங்குகிறவர் 1 விழுக்காடு வருமான வரி பிடித்தம் செய்து கட்டுவதும் உண்டு. முழு விலையையும் அனுப்பிவிட்டுப் பிறகு இதைத் தேடுகிறவர்கள் அதிகம்.

சீட்டு ஏலம்: எல்லாம் தலைகீழ்

ஏலச்சீட்டில் மேலே சொன்ன பழக்கம் எதுவும் உதவாது. அங்கே ஏறுவது விலை அல்ல, 'தள்ளு' அல்லது 'கழிவு'. பணம் அவசரமாக வேண்டியவர், எவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன் என்று கேட்கிறார். 20 பேர், மாதம் 5,000 என்றால் சீட்டுத் தொகை 1,00,000. ஒருவர் 25,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 75,000. நடத்துகிறவரின் கமிஷன் 5 விழுக்காடு என்று வைத்தால் 5,000 அதில் போகும். மீதி 20,000-ஐ 20 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1,000. இதைக் 'கசர்' என்பார்கள். ஆக, அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்டுவது 4,000. சில சீட்டுகளில் தள்ளும் தொகையைச் சொல்லிக் கேட்பார்கள், சிலவற்றில் எடுக்கும் தொகையைச் சொல்லி இறங்குவார்கள். 'இருவத்தஞ்சு' என்று கத்துவதற்கு முன் எந்த வழக்கம் என்று கேட்டுவிடுங்கள். 'சீட்டு எடுத்தவர்' பணம் வாங்கிவிட்டவர். 'சீட்டு போட்டவர்' சேர்ந்திருப்பவர் மட்டும். எடுத்தவரும் கடைசி மாதம் வரை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். சீட்டு, 1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்டுச் சட்டப்படி பதிவானதா என்பதைச் சேரும்போதே பாருங்கள்.

ஏலத்துக்கு வெளியே: விற்பனைச் சொற்கள்

கிரயம் என்ற சொல் வடமொழியில் வாங்குவதைக் குறிக்கும். தமிழ்ப் பத்திரங்களில் அது இரு பக்கமும் திரும்பும்: 'கிரயம் செய்து கொடுத்தார்' என்றால் விற்றார், 'கிரயம் பெற்றார்' என்றால் வாங்கினார். 'சுத்தக் கிரயம்' என்றால் எந்த உரிமையும் மிச்சம் வைக்காத விற்பனை. 'கிரய ஒப்பந்தம்' விற்பனையே அல்ல. பின்னால் விற்பதாக ஒப்புக்கொள்வது. அதை மட்டும் வைத்துக்கொண்டு சொத்து தனது என்று சொல்ல முடியாது என்பதை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 54-ஆம் பிரிவே சொல்கிறது. 'கிரயம் பண்ணியாச்சு' என்று தரகர் சொன்னால், ஒப்பந்தமா பத்திரமா என்று கேட்க வேண்டும்.

கடைத்தெருச் சொற்கள் அவ்வளவு ஆபத்தில்லை. 'போணி' அன்றைய முதல் விற்பனை. 'கறார் விலை' என்றால் பேரத்துக்கு இடமில்லை. 'விலை படியல' என்றால் பேச்சு நடந்தது, ஒத்துவரவில்லை. 'அடிமாட்டு விலை' வேறு வழியின்றி விற்கும் மிகக் குறைந்த விலை. வாங்குகிறவர் கேலியாகச் சொல்வது அரிது, விற்கிறவர் வயிறெரிந்து சொல்வதுதான் அதிகம். 'தலையில கட்டிட்டான்' என்றால் வேண்டாத சரக்கை ஏமாற்றி விற்றுவிட்டான். 'கைமாத்து' என்பதை விற்பனை என்று நினைத்துவிடாதீர்கள், அது பத்திரமில்லாத சில்லறைக் கடன். மண்டியில் 'கமிஷன்' சரக்கு விற்றுக் கொடுப்பதற்கு, 'தரகு' ஆளைச் சேர்த்துவிடுவதற்கு. ஒரே ஆள் இரண்டையும் பிடித்திருக்கிறாரா என்று பட்டியலைப் பாருங்கள்.

அடகு நகையைப் பற்றிய பேச்சில் 'மூழ்கிப் போச்சு' என்ற சொல் வரும். தவணை தாண்டி, நகை ஏலத்துக்குப் போய்விட்டது என்று பொருள். மூழ்கியது என்ற சொல்லைக் கேட்டு, இனி கேட்க ஒன்றுமில்லை என்று பலர் அடகுக் கடைப் பக்கமே போவதில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 176-ஆம் பிரிவுப்படி, அடகு பிடித்தவர் நகையை விற்கும் முன் நியாயமான அவகாசத்தோடு அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். விற்ற தொகை கடனையும் வட்டியையும் விடக் கூடுதலாக இருந்தால் அந்த மிச்சம் அடகு வைத்தவருக்குச் சேர வேண்டியது. குறைந்தால் பாக்கியும் அவர் தலையில்தான். ஆகவே மூழ்கிய பிறகும் அடகுச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். எந்தத் தேதியில், எத்தனை கிராம், என்ன விலைக்கு ஏலம் போனது என்று எழுத்தில் கேட்டு வாங்குவதற்கு அந்தச் சீட்டு வேண்டும்.